பாதி வரி வீடு

அழகர்சாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. மடத்தம்மாவுக்கு நாற்பத்தொன்று. ஆனாலும் சீடன் அவர்தான், குரு அந்த அம்மாள்தான்.

மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மலைக்குப் போகிற பாதையில் ஓடு போட்ட ஒரு நீள வீடு. பின்னால் ஒரு முருங்கை, ஒரு கிணறு. ஏறிப் போகிறவர்களுக்கு மோர், இறங்கி வருகிறவர்களுக்குக் கஞ்சி. அந்த அம்மாள் எந்த ஊர், சொந்தப் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், "பேரை வச்சு என்ன செய்யப் போறீங்க, மோரைக் குடிங்க" என்பார்.

அழகர்சாமி அமாவாசைக்கு அமாவாசை கருங்காலங்குளத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். நாலு படி அரிசி கொண்டுவருவார். சட்டியோ சொளகோ கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் ஏதாவது வேலை செய்துகொண்டிருப்பார். இவர் எதிரே உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போவார்.

ஊரில் அவர்தான் வரி பிரிக்கிறவர். பங்குனிப் பொங்கலுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வாங்குகிற வரி. வரி கொடுக்கிற வீடுதான் அந்த ஊரில் வீடு. கிடா வெட்டினால் அந்த வீட்டுக்குக் கறிப் பங்கு உண்டு. மந்தை என்கிற பொதுத் திடலில் ஊர்க்கூட்டம் போட்டால் அந்த வீட்டுக்குப் பேச்சு உண்டு.

மாசி அமாவாசைக்கு வந்தபோது அவர் கேட்டார்.

"அம்மா, தர்மம் செஞ்சா மனசு குளிரணும்ல?"

"குளிரலையா?"

"எனக்குக் குளிருது. வாங்கினவங்க மூஞ்சிதான் குளிரல."

"யாரு வாங்கினவங்க?"

"சீனியம்மாள்னு ஒரு பிள்ளை. எங்க வகையறாதான், என்னை மாமான்னு கூப்பிடும். ஒம்பது வருசத்துக்கு முன்னால அது புருசன் கேரளாவுல சாரம் சரிஞ்சு செத்துப்போனான். கைப்பிள்ளை வேற. அந்த வருசம் வரி பிரிக்கப் போறேன், மூக்குத்தியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நிக்குது. அடகு வச்சு வரி கட்டப் போகுதாம். எனக்கு மனசு கேக்கல. அன்னிக்கே மந்தையில எந்திரிச்சுச் சொன்னேன், ஆம்பளை இல்லாத வீட்டுக்குப் பாதி வரி போதும்னு. ஊரே கை தட்டுச்சு. அம்பலார் எனக்குத் துண்டு போர்த்தினார்."

அம்பலார் என்றால் ஊர்ப் பெரியதனக்காரர் வீரணன். மந்தையில் அவர் சொல்வதுதான் கடைசிச் சொல்.

"நல்லா யோசிச்சிருக்கீங்க," என்றார் மடத்தம்மா.

"இப்பப் பதினோரு வீடு பாதி வரி."

"அவங்க மந்தைக்கு வர்றாங்களா?"

"முந்தி வருவாங்க. கட்டின புருசன் இல்லேன்னாலும் முழு வரி குடுத்துட்டு ஓரமா உக்காந்து ரெண்டு வார்த்தை பேசுவாங்க. ஒரு கிழவி அம்பலாரையே கிழிச்சுத் தொங்கவிடும். பாதியானப்புறம் அம்பலார் சொல்லிட்டார், பாதி வரிக்கு மந்தையில என்ன பேச்சுன்னு. கறியும் பாதிப் பங்குதான். அது நியாயந்தானே?"

அந்த அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"உங்க வீட்டம்மா தவறி எத்தனை வருசம் ஆச்சு?"

"பதினொண்ணு."

"உங்களுக்கும் பாதி வரியா?"

அழகர்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு எதுக்கும்மா பாதி?"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு அடுத்த கொத்தை எடுத்தார்.

"மூணேகால் பஸ்ஸை விட்டுட்டா அப்புறம் ஆறரைக்குத்தான்," என்றார்.

*

பங்குனி பிறந்ததும் வரி பிரிக்கக் கிளம்பினார். முழு வரி மூவாயிரம் என்று பேச்சு.

சீனியம்மாளின் வீடு ஊருக்குக் கிழக்கே கரட்டடியில் தனியாக இருந்தது. கரடு என்றால் மொட்டைப் பாறைக் குன்று. அதன் காலடியில் ஒரு வீடு, ஒரு கிணறு, ஆட்டுக் கொட்டில். அவள் கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாமா. வசூல் ராசா வந்துட்டீங்களா? உள்ள வந்தா ஆடு முட்டும், அங்கேயே நில்லுங்க."

கையைக் கழுவிவிட்டு வந்து பணத்தை நீட்டினாள். அவர் எண்ணிப் பார்த்தார்.

"ஏத்தா, கூட இருக்கே. உனக்கு ஆயிரத்தைநூறுதான்."

"இந்த வருசம் முழுசு."

"புதையல் எதுவும் எடுத்தியா?"

"ரெண்டு கிடா வித்தேன்." அவள் வெளக்குமாற்றைச் சாத்தி வைத்தாள். "கரட்டைக் கல் கம்பெனிக்கு விடப் போறாங்களாமே, நெசமா?"

"பேச்சு நடக்குது. சித்திரையில மந்தையில கூட்டம்."

"என் வீட்டுக்கும் கரட்டுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும் மாமா?"

"இருக்கும், ஒரு இருநூறு அடி."

"நூத்தி நாப்பது. ஆட்டுக் கவுத்தைப் போட்டு அளந்துட்டேன். அவன் வெடி வச்சா முதல்ல என் சுவரு, அப்புறம் என் கிணறு. இதை நான் மந்தையில வந்து சொல்லணும். முழு வரி குடுத்தாத்தான பேச்சு? அதான் குடுக்கிறேன்."

"உனக்காக நான் சொல்றேன்த்தா."

"நீங்க என்னன்னு சொல்வீங்க?"

"இப்படி ஒரு வீடு இருக்கு, பாவம், தனியாக் கெடக்கிற பிள்ளைன்னு."

"அதான் தெரியுமே." அவள் சிரித்தாள். "நான் பாவம்னு சொல்ல வரல மாமா. வேணாம்னு சொல்ல வர்றேன். ரெண்டும் வேற."

அவர் மூவாயிரத்தையும் மடியில் கட்டிக்கொண்டு நேரே அம்பலார் வீட்டுக்குப் போனார். அம்பலார் நாற்காலியில் உட்கார்ந்து பேரப்பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை.

"திருப்பிக் குடுத்துரு பங்காளி," என்றார்.

"பிரியப்பட்டுத்தான் குடுக்குது."

"ஒண்ணை வாங்கினா பதினொண்ணும் வரும். வந்து பதினோரு கையும் வேணாம்னு தூக்கும். கோயில் கோபுரத்துக்கு முழுச் செலவும் தர்றேன்னு கம்பெனிக்காரன் சொல்லியிருக்கான். சாமி காரியம்."

"அதுக்கில்ல..."

"அதுவும் போக, ஊரு பாதின்னு வச்சது உன் பேச்சை நம்பி. இரக்கப்பட்டவனும் நீ, அதை அழிக்கிறவனும் நீயா? நாளைக்கு உன் வார்த்தைக்கு என்ன மரியாதை இருக்கும்?" பேரன் வாயைத் துடைத்துவிட்டார். "ஆயிரத்தைநூறு அந்தப் பிள்ளைக்கும் மிச்சந்தானே."

அழகர்சாமிக்கு அது சரி போலத்தான் பட்டது.

சாயங்காலம் திரும்பப் போனார். சீனியம்மாள் மீதிப் பணத்தைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

"ஏன் மாமா, என் நோட்டு செல்லாதாமா?"

"பிள்ளைக்கு ஒரு பாவாடை சட்டை எடு ஆத்தா. வச்சுக்க."

அவள் மகள் நாலாவது படிக்கிறவள். வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பிள்ளையின் நோட்டுக்குள் பணத்தைச் செருகி வைத்துவிட்டு நடந்தார். பின்னால் யாரும் கூப்பிடவில்லை.

*

அந்த அமாவாசைக்கு நாலு படி அரிசியோடு மடத்துக்குப் போனார். நடந்ததைச் சொன்னார்.

"பணத்தையும் திருப்பிக் குடுத்தாச்சு. பிள்ளைக்குச் சட்டைக்கும் ஆச்சு. அப்பவும் அது என்னைப் பார்த்த பார்வை இருக்கே... நான் என்னம்மா கெடுதல் செஞ்சேன்?"

மடத்தம்மா எழுந்து போய்ப் படியை எடுத்து வந்தார். அவர் கொண்டுவந்த பையைப் பிரித்து ரெண்டு படி அளந்து பானையில் கொட்டினார். மீதி ரெண்டு படியைப் பையிலேயே விட்டு முடிச்சுப் போட்டு அவர் பக்கம் நகர்த்தினார்.

"என்னம்மா இது?"

"போதும். எடுத்துட்டுப் போங்க."

"ஏன், அரிசியில வண்டு கிண்டு இருக்கா?"

"அரிசி நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் பொண்டாட்டி இல்லாதவரு, பாவம். உங்களுக்குப் பாதி போதும்."

அழகர்சாமியின் முகம் கறுத்துவிட்டது.

"நான் என்ன வக்கத்துப் போயா வந்து உக்காந்திருக்கேன்? ரெண்டு ஏக்கர் நஞ்சை வச்சிருக்கேம்மா. எட்டு வருசமா நாலு படி கொண்டாறேன். ஒரு தடவை குறைஞ்சிருக்கா?"

"கோவப்படாதீங்க. உங்களுக்கு மிச்சந்தானே?"

மலையிலிருந்து இறங்கி வந்த நாலைந்து பேர் கஞ்சி கேட்டார்கள். அந்த அம்மாள் ஊற்றிக் கொடுத்துவிட்டு, துவையலும் வைத்துவிட்டு, வந்து உட்கார்ந்தார்.

"புரியுதும்மா," என்றார் அழகர்சாமி.

"புரிஞ்சு?"

"அம்பலாரை எதிர்த்துக்கிட்டு அந்த ஊர்ல இருக்க முடியாதும்மா."

"எதிர்க்கச் சொல்லலையே. புரிஞ்சுன்னுதான் கேட்டேன்."

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பஸ்ஸில் அந்த ரெண்டு படி அரிசியை மடியிலேயே வைத்துக்கொண்டு போனார். கண்டக்டர் பையைக் கீழே வைக்கச் சொன்னார். அவர் வைக்கவில்லை.

*

சித்திரையில் கூட்டம் போட்டார்கள். எழுபத்தைந்து முழு வரி வீட்டுக்கும் ஆள் வந்திருந்தது. மந்தையைச் சுற்றி முழங்கால் உயரத்தில் கல் நட்டிருக்கும். சீனியம்மாள் கல்லுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் நின்றாள். மற்றப் பத்துப் பேரும் வீட்டு வாசலோடு நின்றுவிட்டார்கள்.

அம்பலார் விஷயத்தைச் சொன்னார். கரடு, கம்பெனி, கோபுரம். "யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார்.

அழகர்சாமி எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கரட்டடியில ஒரு வீடு இருக்கு. பாவம், தனியாக் கெடக்கிற பிள்ளை. அதையும் ஊரு நெனச்சுப் பார்க்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. அவர் ரோட்டுப் பக்கம் பார்க்கவில்லை.

"நெனைக்காம இருப்பமா?" என்றார் அம்பலார். "நட்டஈடு வாங்கித் தந்துருவோம்."

"வேணாம்!" என்று ரோட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். கூட்டத்தில் ஒருவன், "யாருடா அது, கல்லுக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டுக் கத்துறது? ஆடு மேய்க்க நேரமாகலையா?" என்றான். சிரிப்பு எழுந்தது.

"சத்தம் போடாதீங்கப்பா," என்றார் அம்பலார் மெதுவாக. "ரோட்டுல பேசுறது மந்தையில பேசுனதாகாது. சம்மதம்னா கையைத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. அழகர்சாமியின் கையும் எழுந்தது. யாரும் பிடித்துத் தூக்கிவிடவில்லை. தானாகத்தான் எழுந்தது.

*

மந்தைத் தீர்மானத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளாது என்று பஞ்சாயத்து கிளார்க் சொல்லிவிட்டார். கிராம சபை கூடினதாக நோட்டில் தீர்மானம் எழுதி, ஓட்டுப் போடுகிறவர்கள் நூறு பேர் கையெழுத்து வேண்டுமாம்.

ஊரில் பாதிப் பேர் குடும்பத்தோடு திருப்பூருக்கும் கேரளாவுக்கும் பிழைப்புக்குத் திரும்பிவிட்டார்கள். இருந்த ஆணும் பெண்ணுமாகப் பிடித்துக் கையெழுத்து வாங்கியும் எண்பத்தொன்பதில் நின்றது.

அம்பலார் நோட்டை அழகர்சாமியிடம் கொடுத்தார். "உன் பாதி வரி வீடு பதினொண்ணு இருக்கே. நீ போனாத்தான் போடுவாங்க. உன் மேல மரியாதை இருக்கு."

பத்து வீட்டில் என்ன ஏது என்று கேட்கவில்லை. பேனாவை வாங்கிப் போட்டார்கள், போடத் தெரியாதவர்கள் விரலை நீட்டினார்கள். கடைசியாகக் கரட்டடிக்குப் போனார்.

சீனியம்மாள் நோட்டை வாங்கி எழுத்துக்கூட்டி முதல் பக்கம் முழுவதையும் படித்தாள். பொறுமையாகப் படித்தாள். கூட்டம் நடந்த தேதி, நேரம், ஏகமனதாக நிறைவேறியது எல்லாம் அதில் இருந்தது.

"இதுல நான் பாதியா முழுசா?"

"இது கவர்மெண்ட் நோட்டுத்தா. இதுல எல்லாரும் முழுசு."

"ஓட்டு மாதிரியா?"

"ஆமா."

"அம்பலாரும் ஒண்ணு, நானும் ஒண்ணு?"

"ஆமா."

"அப்ப இந்த நோட்டை வச்சுல்ல கூட்டம் போட்டிருக்கணும்? மந்தையில எதுக்குப் போட்டீங்க?"

அவர் கொட்டிலைப் பார்த்தார். ஒரு குட்டி தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது.

"வேணாம்னு எழுத இதுல எடம் இருக்கா மாமா?"

அவர் பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கத்தையும் புரட்டினார். வரிசை எண், பெயர், கையெழுத்து. அவ்வளவுதான்.

"இல்லத்தா."

"அப்ப எடுத்துட்டுப் போங்க."

அழகர்சாமிக்குப் பயம் வந்தது. அவருக்காக இல்லை, அவளுக்காக.

"ஏத்தா, சொன்னாக் கேளு. போடலேன்னா அடுத்த வருசம் உன் பாதி வரியையும் வாங்க மாட்டாங்க. கடையில உப்பு தர மாட்டான். பிள்ளையை வேன்ல ஏத்த மாட்டான். எழுபத்தஞ்சு வீட்டுல ஒரு வீடு உன்கிட்டப் பேசாது. எப்படி இருப்ப? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எப்பவும் என் நல்லதுக்குத்தான் மாமா சொல்வீங்க."

மகள் வேனுக்கு நின்றுகொண்டிருந்த முக்கு ரோட்டைச் சீனியம்மாள் ஒரு தடவை பார்த்தாள். பேனாவை வாங்கினாள். 'சீனி' என்று எழுதி மூடியை மாட்டினாள்.

"முழுசாப் போடுத்தா."

"பாதி வரிக்குப் பாதிக் கையெழுத்து. அம்பலார்கிட்டச் சொல்லுங்க, அவருக்குப் புரியும்."

அம்பலார் அதைப் பார்த்துச் சிரித்தார். "வாய் மட்டும் அடங்காது அந்தப் பிள்ளைக்கு," என்றார். பிறகு அந்தப் பாதிக் கையெழுத்துக்குப் பக்கத்தில் நூறு என்று எழுதி ஒரு வட்டம் போட்டார்.

*

ஆடி மாதம் முதல் வெடி வைத்தார்கள். சீனியம்மாள் வீட்டுப் பாத்திரம் பண்டம் எல்லாம் பரணிலிருந்து விழுந்தன. மூன்றாவது வாரம் கிழக்குச் சுவர் மேலிருந்து கீழே பிளந்தது. நாலாவது வாரம் கிணற்றில் வாளியை இறக்கினால் கல்லில் முட்டுகிற சத்தம் கேட்டது. சினை ஆடு ரெண்டு குட்டி போட்டுவிட்டது, நாள் வருமுன்னே.

கம்பெனி நட்டஈடு கொடுத்தது. எந்த வீடு பக்கம், எந்த வீடு தூரம் என்றெல்லாம் அவர்கள் பார்க்கவில்லை. ஊர் வரி நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். முழு வரிக்கு இருபதாயிரம்.

அழகர்சாமி பத்தாயிரத்தை எடுத்துக்கொண்டு கரட்டடிக்குப் போனபோது வாசலில் ஒரு குட்டி யானை வண்டி நின்றது. பாதிச் சாமான் ஏற்றியாகிவிட்டது. கொட்டில் காலியாக இருந்தது. மகள் வண்டிக்குள் தலையணை மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கத்தா?"

"திருப்பூர். பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. எங்க சின்னம்மா மக இருக்கா." குடத்தைத் துணியில் சுற்றினாள். "என்ன மாமா, கையில?"

"நட்டஈடு."

"எவ்வளவு?"

"பத்து."

"உங்களுக்கு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "இருபது."

"உங்க வீட்டுச் சுவரு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

அவள் பணத்தை வாங்கிக்கொண்டாள். எச்சில் தொட்டு எண்ணினாள். இடுப்பில் செருகினாள்.

"வேணாம்னு எறிஞ்சுட்டுப் போவேன்னு பார்த்தீங்களா? வாடகைக்கு அட்வான்ஸ் கேப்பான். அங்க யாரும் பாதி வாங்க மாட்டானாம்."

"ஏத்தா, ஏதாச்சும் சொல்லிட்டுப் போ. திட்டிட்டாச்சும் போ."

அவள் கதவிலிருந்து பூட்டைக் கழற்றினாள். சாவியோடு சேர்த்துப் பைக்குள் போட்டாள்.

"பூட்டலையா?" என்றார் அவர்.

"சுவத்துலயே வழி இருக்கே மாமா. பூட்டு எதுக்கு வீணா? அங்க ஆகும்."

வண்டி கிளம்பிற்று. அந்தப் பிள்ளை மட்டும் கையாட்டியது.

*

ஆவணி அமாவாசைக்கு அழகர்சாமி மடத்துக்கு அரிசி கொண்டுபோகவில்லை. ஒரு காக்கி உறை கொண்டுபோனார். மடத்தம்மா கடலை உடைத்துக்கொண்டிருந்தார். அவர் எதிரே உட்கார்ந்து தாள்களை எடுத்தார். நாலு பக்கம், அவரே எழுதியது.

"கலெக்டருக்கு மனு," என்றார். "கிராம சபை கூடவே இல்ல, நான்தான் வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கினேன், ஒரு பொம்பளையைப் பயமுறுத்தி வாங்கினேன்னு எழுதியிருக்கேன். எம்பேரு, எங்கப்பன் பேரு எல்லாம் போட்டிருக்கேன்."

"குடுத்தா என்ன ஆகும்?"

"விசாரணைக்கு வருவாங்க. வேலையை நிறுத்துனாலும் நிறுத்துவாங்க. நிறுத்தாமயும் போகலாம்."

"அந்தம்மா திரும்பி வருவாங்களா?"

"வராது. கிணறு போச்சுல்ல."

"சுவரு?"

"விழுந்துருச்சு. போன வாரம்."

மடத்தம்மா இன்னொரு கடலையை உடைத்தார்.

"உங்களுக்கு என்ன ஆகும்?"

அழகர்சாமி தாள்களை மடித்தார். மறுபடி விரித்தார்.

"என்னைத் தள்ளி வச்சிருவாங்கம்மா. என் வரியை வாங்க மாட்டாங்க. பேத்திக்குத் தையில காதுகுத்து, ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்காது. என்னைக் கேக்காம ஊர்ல ஒரு காரியம் நடந்ததில்ல. இனிமே நான் ரோட்டுல போனா ரோட்டுல ஒரு மாடு போன மாதிரிதான்."

"சரி."

"சரின்னா, குடுக்க வேணாங்கிறீங்களா?"

"குடுக்கப் போறீங்கன்னுதான் தெரியுது. மூஞ்சியில எழுதியிருக்கு."

"ஆமாம்மா. இன்னிக்கே, இங்கிருந்து நேரா பஸ் ஏறி." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா பயமா இருக்கு. அம்பத்தெட்டு வருசம் அந்த மந்தையில உக்காந்துட்டேன். எம்பேச்சைக் கேக்க ஆள் இருந்துச்சு. நாளைக்கு அதே ஊர்ல, அதே தெருவுல, எந்தக் கணக்குலயும் இல்லாம, வாயைத் திறந்தா யாரும் திரும்பிப் பார்க்காம... அப்படி ஒரு மனுசன் எப்படிம்மா காலந்தள்ளுறது? எட்டு வருசமா வர்றேன். இதை மட்டும் எனக்குச் சொல்லிக் குடுங்க."

மடத்தம்மா மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டார்.

"அது எனக்குத் தெரியாதுய்யா," என்றார். "உங்க ஊர்ல இன்னும் பத்துப் பாதி வரி வீடு இருக்கு. அவங்களுக்குத்தான் தெரியும். போய்க் கேட்டுப் படிங்க."